நாலு மூலையும் தகராறு

முகம் வரைய வராதவர்களுக்கென்று ஓவியத்தில் ஒரு பின்வாசல் திறந்திருக்கிறது, அதன் பெயர் வடிவியல் அரூபம் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சதுரத்துக்கு மூக்கு கிடையாது. முக்கோணத்துக்கு முழங்கை கிடையாது. நான் வரைந்த குதிரையைப் பார்த்து ‘நாய் நல்லா வந்திருக்கு’ என்று பாராட்டிய பெரியவர்களை ஒரு செவ்வகத்தால் வாயடைத்துவிடலாம். செவ்வகத்தைப் பார்த்து அது வேறு எதுவோ என்று யாராலும் சொல்ல முடியாதே! சொல்லவும் முடியும், சொன்னார்கள் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

எனக்குத் தைரியம் கொடுத்தவர் யோசெஃப் ஆல்பர்ஸ். 1888-ல் ஜெர்மனியின் போட்ராப் ஊரில் பிறந்தவர். பௌஹவுஸ் கலைப்பள்ளியில் மாணவராகச் சேர்ந்து அங்கேயே ஆசிரியரானவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933-ல் அந்தப் பள்ளி மூடப்பட்டதும் மனைவி ஆனியோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். 1950-ல், 62 வயதில், ‘சதுரத்துக்கு மரியாதை’ என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். சதுரத்துக்குள் சதுரம், அதற்குள் இன்னொரு சதுரம். சில படங்களில் மூன்று, சிலவற்றில் நான்கு. 1976-ல் இறக்கும்வரை அதையேதான் வரைந்தார். மொத்தம் 1,000-க்கும் மேற்பட்ட படங்கள்.

ஒரு மனிதர் 26 வருஷம் ஒரே படத்தை வரைந்திருக்கிறார் என்றால் அது எவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தால் 26 வருஷம் பிடித்திருக்கும் என்று மறுபக்கத்திலிருந்து கணக்குப் போடத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்திலும் நான் கணக்கில் இப்படித்தான்.

ஆல்பர்ஸ் துணியில் வரையவில்லை. மேசனைட் என்ற கெட்டியான ஹார்ட்போர்டு பலகையை எடுத்து, அதன் சொரசொரப்பான பக்கத்தில் வெள்ளையைப் பலமுறை பூசி, அதன்மேல் வரைந்தார். நானும் பிளைவுட் கடைக்குப் போய் ஹார்ட்போர்டு கேட்டேன். “எதுக்கு சார், பீரோ பின்னால அடிக்கவா?” என்றார் கடைக்காரர். “ஓவியம் வரைய” என்றேன். அதுவரை ‘சார்’ போட்டுப் பேசியவர் அதற்குப் பிறகு சும்மா தலையசைத்தார். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி வெட்டிக் கொடுத்தார்.

வீட்டில் அப்போது கதவைச் சரிபண்ண ஆசாரி வந்திருந்தார். பலகையை வாங்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “இது சதுரம் இல்லியே சார்” என்றார். நான் ஸ்கேலை எடுத்து நாலு பக்கமும் அளந்து காட்டினேன். நாலும் சமம். அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. இஞ்ச் டேப்பை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் பிடித்தார். பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும் பிடித்தார். இரண்டு அளவும் ஒன்றாக இல்லை. “நாலு பக்கமும் ஒண்ணா இருந்தா போதாது சார், மூலைக்கு மூலை ஒண்ணா இருக்கணும்” என்றார். சாய்சதுரம் என்று ஒன்றைப் படித்து, படம் போட்டு, மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். அது வீட்டுக்கே வந்து நின்றபோது அடையாளம் தெரியவில்லை. மூலைமட்டம் வைத்துக் கோடு கிழித்து, ஓரத்தை இழைத்துச் சரிசெய்து கொடுத்தார். அதற்குக் கூலி வேண்டாம் என்றார். அதுதான் கூடுதலாக வலித்தது.

அன்றிரவு எனக்கு ஓர் ஆறுதல் தேவைப்பட்டது. கஸிமிர் மாலெவிச்சின் ‘கறுப்புச் சதுரம்’ கைகொடுத்தது. 1915 டிசம்பரில் பெட்ரோகிராடில் நடந்த கண்காட்சியில், ரஷ்ய வீடுகளில் சாமிபடம் வைக்கிற மேல்மூலையில் அதை மாட்டியிருந்தார் அவர். அந்தச் சதுரமும் கச்சிதமான சதுரம் கிடையாது. அதன் ஓரங்கள் படத்தின் விளிம்புக்கு இணையாக ஓடுவதில்லை. 2015-ல் மாஸ்கோவின் த்ரெத்யாகோவ் காட்சியகத்தில் ஆராய்ந்தபோது, கறுப்புக்கு அடியில் வேறு வண்ணப் படங்கள் புதைந்திருந்தது தெரியவந்தது. ஆகவே நானும் மாலெவிச் போன வழியில்தான் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். “அவர் தெரிஞ்சு கோணலா போட்டாருங்க. உங்களுக்கு ஆசாரி சொல்லித்தானே தெரிஞ்சுது?” என்றாள். கலை விமர்சனம் என்பது வீட்டுக்குள்ளேயே இவ்வளவு கூர்மையாகக் கிடைக்கும்போது பத்திரிகைகள் எதற்கு என்று தோன்றியது.

அடுத்தது ஓரம். ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும் இடத்தில் கத்தி வெட்டாக ஒரு கோடு விழ வேண்டும். பல ஓவியர்கள் இதற்கு மாஸ்கிங் டேப்பை நம்புகிறார்கள். அதைக் கண்டுபிடித்தவர் ஓவியர் இல்லை. அமெரிக்காவில் த்ரீஎம் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ 1925-ல் உருவாக்கியது. அந்தக் காலத்தில் கார்களுக்கு இரட்டை வண்ணம் அடிப்பது மோஸ்தராக இருந்தது. மறைப்புக்கு ஒட்டிய காகிதத்தைப் பிய்க்கும்போது பெயின்டும் சேர்ந்து வந்துவிடும். பட்டறைக்காரர்கள் எரிச்சலில் திட்டியதைக் கேட்டுத்தான் அவர் லேசாக ஒட்டி, சுத்தமாக உரிந்துவரும் ஒரு டேப்பைச் செய்யப் போனார்.

நான் டேப் ஒட்டி, சிவப்பு பூசி, காயவிட்டு, கல்யாணப் பரிசைப் பிரிக்கும் ஆவலோடு உரித்தேன். சிவப்புச் சதுரத்துக்கு நாலு பக்கமும் கால் முளைத்திருந்தது, பூரானுக்கு இருப்பதுபோல வரிசையாக. சொரசொரப்பான பரப்பில் டேப் எவ்வளவு அழுத்தினாலும் முழுக்கப் படியாது. அந்த மயிரிழை இடைவெளியில் பெயின்ட் ஊர்ந்து உள்ளே போய்விடுகிறது. இதற்கு ஒரு வழி இருக்கிறது. டேப்பை ஒட்டியதும் அடியில் இருக்கிற நிறத்தையே டேப்பின் ஓரத்தில் முதலில் ஒரு பூச்சு பூச வேண்டும். கசிவதெல்லாம் அந்த நிறமாகவே கசிந்து, இடைவெளியை அடைத்துவிடும். அதற்குமேல் புது நிறத்தைப் பூசி, அது முழுக்கக் காய்வதற்கு முன்பே டேப்பைப் பின்னோக்கி மடக்கி மெதுவாக உரிக்க வேண்டும். ஓவியர் நண்பர் ஒருவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். “முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றேன். “நீதான் ஓவியத்தைப் பத்தி இத்தனை வருஷமா எழுதறியே, தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்” என்றார்.

நியூயார்க் ஓவியர் பார்னெட் நியூமன் 1948-ல் ஒரு படத்தின் நடுவே செங்குத்தாக டேப் ஒட்டி, அதன்மேல் ஒரு நிறத்தைத் தடவிப் பார்த்தார். அப்படியே நிறுத்திவிட்டார். டேப்பை உரிக்கவே இல்லை. மாதக்கணக்கில் அந்தப் படத்தை யோசித்துப் பார்த்து, தன் வழி இதுதான் என்று முடிவு செய்தார். நானும் ஒருமுறை டேப்பை உரிக்காமல் விட்டேன். எனக்கு எந்த வழியும் புலப்படவில்லை, ஏனென்றால் மறந்துபோய் விட்டது. மொட்டைமாடி அறையில் மே மாத வெயிலில் வெந்து, டேப்பின் பசை பலகையோடு ஒன்றிவிட்டது. பிய்த்தபோது அடிப்பூச்சு வெள்ளை வரைக்கும் வந்தது. ட்ரூவுக்கு முந்தைய காலத்துப் பட்டறைக்காரர்கள் என்னென்ன வார்த்தைகள் சொல்லியிருப்பார்கள் என்பதை அன்றைக்கு நானாகவே கண்டுபிடித்தேன்.

நேர்கோடு வேண்டாம் என்று வட்டத்துக்குப் போனேன். எஸ்.எச். ரஸாவின் பிந்துதான் காரணம். ரஸா 1922-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் காட்டுப் பகுதியில் பிறந்தவர். வகுப்பில் கவனம் நிற்காமல் அலைந்த பையனை ஆசிரியர் ஒருநாள் நிறுத்தி, சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாராம். 1950-ல் பிரான்ஸ் போய் வீடுகளும் ஊர்களும் நிலக்காட்சிகளுமாக வரைந்தவர், 1980-ஐ ஒட்டி அந்தப் புள்ளிக்கே திரும்பினார். பெரிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றி விரியும் நிறங்கள். என்னையும் பள்ளியில் சுவரைப் பார்த்துத்தான் நிற்க வைத்தார்கள். புள்ளி வைக்க மறந்துவிட்டார்கள். அந்தக் குறையை இப்போது நிவர்த்தி செய்யலாம் என்று சட்டத்தில் இழுத்துக்கட்டிய கான்வாஸ் ஒன்று வாங்கி, காம்பஸை ஊன்றிச் சுழற்றினேன். வட்டம் பிரமாதமாக வந்தது. காம்பஸ் முனை துணியைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது. கறுப்பு பூசி ஜன்னலோரம் வைத்தால் வட்டத்தின் நடுவில் ஒரு வெளிச்சப்பொட்டு. பிந்துவுக்குள் ஒரு பிந்து. தத்துவமாகச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன், முகம் ஒத்துழைக்கவில்லை. அடுத்த முறை சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வரைந்தேன். அந்தத் தட்டு எப்போதோ கீழே விழுந்து நெளிந்தது என்பது வட்டத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

ஓரம் ஓரளவு அடங்கியதும் நிறம் ஆரம்பித்தது. கோணல் என்றால் அளந்து பார்த்து ஒப்புக்கொள்ளலாம். நிறத்தை எந்த ஸ்கேலால் அளப்பது? அது பக்கத்தில் இருக்கும் ஆளுக்கு ஏற்றபடி பேச்சை மாற்றுகிறது. மிஷேல் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். அங்கே சாயமேற்றிய கறுப்பு நூல் போதுமான கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. கறுப்பை ஒட்டி நெய்த நீலமும் ஊதாவும்தான் அதை வெளிறிக் காட்டின. இதைத் தொடர்ந்து ஆராய்ந்து 1839-ல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார்.

ஆல்பர்ஸ் தன் பாடங்களையெல்லாம் சேர்த்து 1963-ல் நிறங்களின் உறவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். யேல் பல்கலைக்கழக வெளியீடு. வகுப்பில் அவர் மாணவர்கள் கையில் வண்ணக் காகிதங்களைக் கொடுப்பார். ஒரே காகிதத்தில் வெட்டிய இரண்டு துண்டுகளை இரண்டு வேறு பின்னணிகளில் வைத்து, அவை இரண்டு வேறு நிறமாகத் தெரியும்படி செய்ய வேண்டும். அடுத்து, இரண்டு வேறு நிறங்களை ஒரே நிறமாகத் தெரியச் செய்ய வேண்டும். மாணவர்கள் வாரக்கணக்கில் காகிதங்களைத் தேடுவார்களாம். அந்தப் பயிற்சியை நான் எந்தத் தேடலும் இல்லாமல், என்ன செய்கிறேன் என்பதே தெரியாமல், செய்து முடித்தேன்.

பச்சை கலந்த ஒரு சாம்பல் நிறத்தைக் குழைத்து, ஒரு சதுரத்தை ஆரஞ்சுக்கு நடுவிலும் இன்னொன்றைக் கருநீலத்துக்கு நடுவிலும் பூசினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் படத்துக்கு ஓர் ஒருமை வரும் என்பது திட்டம். பார்த்தால் ஒன்று இருண்டு கிடக்கிறது, மற்றது வெளிறி நிற்கிறது. கலவையில்தான் பிழை என்று இருண்டதில் கொஞ்சம் வெள்ளை சேர்த்தேன். பிறகு வெளிறியதில் கொஞ்சம் கறுப்பு. அப்போது ஊரிலிருந்து லீவுக்கு வந்திருந்த தங்கை மகள், எட்டாம் வகுப்பு படிப்பவள், ஓர் அட்டையில் இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வந்தாள். அதைப் படத்தின்மேல் வைத்தாள். பின்னணி மறைந்து இரண்டு சதுரமும் மட்டும் தெரிந்தன. “மாமா, இது ரெண்டும் வேற வேற கலர். எதுக்கு வேற வேறயா அடிச்சீங்க?” என்றாள். முதலில் ஒன்றாகத்தான் இருந்தன, ஒன்றாக்குகிறேன் என்றுதான் வேறாக்கினேன் என்று ஒரு குழந்தையிடம் எப்படி விளக்குவது?

திருத்தப்போனால் அக்ரிலிக் இன்னொரு கதை சொல்கிறது. அதன் பசை ஈரத்தில் பால் நிறமாக இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் ஈரத்தில் பார்த்த நிறம் காய்ந்தபின் ஒருபடி கறுக்கும். பழைய பரப்புக்கு ஒப்பாக ஈரக் கலவையைக் குழைத்து ஒரு பொட்டு ஒட்டுப்போட்டேன். மறுநாள் பார்த்தால் அந்தப் பொட்டுதான் படத்தின் மையக்கருத்து.

ஆல்பர்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. எண்ணெய் வண்ணத்தைப் பெரும்பாலும் கலக்காமல், குழாயிலிருந்து நேரே எடுத்து, தூரிகைக்குப் பதிலாகக் கத்தியால் பரப்புவார். எந்தக் கம்பெனியின் எந்த நிறம் என்று ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் எழுதி வைப்பார். ஒரே பெயரில் விற்கும் மஞ்சள்கூட ஒரு கம்பெனிக்கு ஒரு மாதிரி இருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அது எனக்குத் தெரியாததால், குழாய் தீர்ந்ததும் வேறு கடையில் அதே பெயர் போட்ட மஞ்சளை வாங்கி மீதி மூலையைப் பூசினேன். படத்தில் வெயிலும் நிழலும் விழுந்திருப்பதுபோல் ஓர் அழகு வந்துவிட்டது. அதை நான் உத்தேசித்தேன் என்று இரண்டு பேர் நம்பினார்கள். அவர்களைத் திருத்தவில்லை.

அவரிடம் நான் பின்பற்றத் தவறிய இன்னொன்று, பூசும் வரிசை. உள்சதுரத்தில் தொடங்கி வெளிநோக்கி வருவார். வீடுகளுக்குப் பெயின்ட் அடித்த அப்பாவிடம் கற்றது அது. கதவுக்கு நடுவிலிருந்து பூசிக்கொண்டு வந்தால் வழிவதைப் பிடித்துவிடலாம், சட்டைக் கையும் அழுக்காகாது. நான் பெரிய சதுரத்தை முதலில் பூசிவிட்டு, அது ஈரமாக இருக்கும்போதே நடுவுக்குக் கை நீட்டினேன். என் வெள்ளைச் சட்டையின் வலது கையில் இப்போது நிரந்தரமாக ஒரு நீலப் பட்டை இருக்கிறது. நான் வரைந்த கோடுகளில் நேராக வந்தது அது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆல்பர்ஸ் டியூப்லைட் வெளிச்சத்தில்தான் வேலை செய்தார் என்று படித்ததும் எனக்குக் கொண்டாட்டம். என் அறையிலும் டியூப்லைட்தான். அவர் வெதுவெதுப்பான ஒளி தரும் குழல்களையும் குளிர்ந்த ஒளி தரும் குழல்களையும் வேறுவேறு விதமாக அடுக்கி, அவற்றின் கீழ் வைத்து நிறங்களைச் சோதித்தார் என்ற அடுத்த வரியை நான் கவனிக்கவில்லை. ராத்திரி அமைதியான சாம்பலாக இருந்த என் பின்னணி, காலையில் வெயில் பட்டதும் தெளிவான ஊதாவாக எழுந்து உட்கார்ந்திருந்தது. மனைவிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. “புடவைக்கடையில வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போய்ப் பார்க்காம நான் என்னிக்காவது பில் போட்டிருக்கேனா?” என்றாள். உண்மைதான். வாசலில் நின்று அலுத்துக்கொண்ட ஆள் நான். நிறத்தைப் பற்றிய அடிப்படைப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் பிரிட்ஜெட் ரைலியைப் பற்றி ஒரு நல்ல செய்தி கிடைத்தது. 1931-ல் லண்டனில் பிறந்தவர். 1961-ல் ‘சதுரங்களில் அசைவு’ என்று கறுப்பு வெள்ளையில் ஒரு படம் வரைந்தார். சதுரங்கப் பலகைபோலத் தொடங்கி, கட்டங்கள் குறுகிக்குறுகி ஓரிடத்தில் பள்ளத்துக்குள் சரிவதுபோல் கண்ணை இழுக்கும். அவர் ஓவியத்துக்கான வரைவுகளையும் நிறச் சோதனைகளையும் தானே செய்துகொண்டு, கடைசிப் பெரிய கான்வாஸை உதவியாளர்களிடம் விட்டுவிடுவார். இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்துப் போயிற்று. தங்கை மகளை உதவியாளராக நியமித்தேன். நான் கிராஃப் தாளில் கட்டம் போட்டுக் கொடுத்தேன், அவள் பூசினாள். அவள் பூச்சில் ஓரம் நேராக இருந்தது. என் கட்டங்களில் ஒரு வரிசை விட்டுப்போயிருந்தது. “மாமா, நீங்க கலக்கறதை மட்டும் பாருங்க, கோடு நான் போட்டுக்கறேன்” என்றாள். சற்றுப் பொறுத்து, கலக்குவதையும் அவளே எடுத்துக்கொண்டாள். ரைலியின் உதவியாளர்கள் அவரை எந்த நாளும் டீ போட அனுப்பியிருக்க மாட்டார்கள்.

சிரித்துக்கொண்டே போகிற இந்தக் கதையில் ஓரிடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நஸ்ரீன் மொஹமதி. 1937-ல் கராச்சியில் பிறந்து, 1972 முதல் பரோடா பல்கலைக்கழகத்தில் ஓவியம் கற்பித்தவர். காகிதத்தில் பேனாவும் பென்சிலும் வரைபடக் கருவிகளுமாக, கோடு கோடாக மட்டுமே வரைந்தார். இழையை விட மெல்லிய கோடுகள், இணையாக, சாய்வாக, நெருங்கியும் விலகியும் போகும். பெரும்பாலான படங்களுக்குத் தலைப்பும் கிடையாது, தேதியும் கிடையாது. கடைசிக் காலத்தில் கை கால்கள் தன் இஷ்டத்துக்கு அசையும் ஒரு நரம்பு நோய் அவருக்கு வந்தது. அப்போதும் அந்தக் கோடுகள் நடுங்கவில்லை. 1990-ல், 53 வயதில் இறந்தார். நல்ல ஆரோக்கியத்தோடு, மின்விசிறிக்குக் கீழ் உட்கார்ந்து, ஸ்கேலை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நான் இழுத்த கோடு நடுவில் வயிறு போட்டிருந்தது. ஸ்கேல் நகர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சாக்கை அவர் படங்கள் இருக்கும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. மூடி வைத்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஒருவழியாகக் கூடத்தில் மாட்டும் தகுதியுள்ள ஒரு படம் வந்தது. ஆல்பர்ஸ் முறையில் சதுரத்துக்குள் சதுரம். அவருடைய சதுரங்கள் நட்டநடுவில் உட்காருவதில்லை. கீழ்ப்பக்க இடைவெளி ஒரு பங்கு என்றால் பக்கவாட்டில் இரண்டு பங்கு, மேலே மூன்று பங்கு. அதனால் சதுரங்கள் தரையை நோக்கி இறங்கி நிற்கும், கனம் தெரியும். நானும் அந்தக் கணக்கைப் பிசகாமல் போட்டிருந்தேன். மாட்டியபிறகு என்னவோ உறுத்தியது. எல்லாம் மேலே ஏறிக்கொண்டு கூரையில் முட்டப்போவது போல இருந்தது. நிறத்தின் குறை என்று நினைத்து, கீழே கனம் சேர்க்க எந்த நிறத்தை மாற்றலாம் என்று யோசித்தபடி பல நாள் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். தூசி தட்ட இறக்கிய வேலைக்கார அம்மா அதைத் திருப்பி மாட்டினார். சரியாகிவிட்டது. என் படத்தை நானே தலைகீழாக மாட்டியிருக்கிறேன்.

இதில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. பீட் மொந்திரியான் நியூயார்க்கில் வாழ்ந்தபோது வண்ண டேப்புகளை ஒட்டி, பெயர்த்து, நகர்த்திப் படத்தின் அமைப்பை முடிவு செய்வார். அப்படி 1941-ல் டேப்பால் ஆன ‘நியூயார்க் சிட்டி 1’ ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரக் காட்சியகத்தில் 1980 முதல் தொங்குகிறது. அது பல பத்தாண்டுகளாகத் தலைகீழாகத் தொங்குகிறது என்று 2022-ல் அந்தக் காட்சியகமே அறிவித்தது. கோடுகள் நெருக்கமாக இருக்கும் பக்கம் மேலே இருந்திருக்க வேண்டுமாம். இப்போது திருப்பினால் பழைய டேப்புகள் பிரிந்து விழுந்துவிடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள். இந்தச் செய்தியை நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது வழக்கம்.

விற்பனையைப் பற்றியும் எனக்கு நம்பிக்கை குறையவில்லை. ஹவானாவில் 1915-ல் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த கார்மென் ஹெரேரா, கூர்மையான ஓரங்களும் இரண்டே நிறங்களுமாகப் பல பத்தாண்டுகள் வரைந்தார். அவருடைய முதல் ஓவியம் விற்றது 2004-ல், 89 வயதில். 2022-ல் 106 வயதில் இறக்கும்போது உலகம் அறிந்த ஓவியர். இதை மனைவியிடம் சொன்னேன். “அதுவரைக்கும் அந்த ரூமைப் பூட்டி வைக்கணுமா?” என்று கேட்டாள்.

இவ்வளவையும் சொன்னபிறகு முக்கியமானதைச் சொல்லாமல் விட முடியாது. நான் பல வருஷம் கண்காட்சி மலர்களில் ஓவியங்களைப் பற்றி எழுதியவன். கொல்லத்தில் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் மாணவராகி, 1966-ல் சோழமண்டலம் கலைக்கிராமத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்து, 1968-ல் பாரிஸ் போய்த் தங்கிவிட்ட வேலு விஸ்வநாதன் போன்றவர்களின் முக்கோணங்களையும் சதுரங்களையும் பற்றி ‘மௌனத்தின் விளிம்பில் இன்மை தன் இருப்பை எழுதிச் செல்கிறது’ என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது. விளிம்பைப் பற்றி அவ்வளவு எழுதியவன் ஒரு விளிம்பையாவது கிட்டே போய்ப் பார்த்ததில்லை. நிறம் நிறத்தை எங்கே தொடுகிறது, நடுவில் வெள்ளை தெரிகிறதா, ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கிறதா, அங்கே கை எவ்வளவு வேகத்தில் போயிருக்கும் என்றெல்லாம் பார்க்கத் தோன்றியதே இல்லை. அவற்றை இப்போது பார்க்கிறேன். படத்தின் எதிரில் நிற்பதைவிடப் பக்கவாட்டில் குனிந்து நிற்கும் நேரம் அதிகமாகிவிட்டது. காட்சியகக் காவலர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

உருவம் வரைகிறவருக்குத் தப்பிக்க இடம் உண்டு. மரம் கோணினால் காற்று என்று சொல்லலாம், முகம் பிசகினால் சோகம் என்று சொல்லலாம். நாலு கோடும் ஒரு நிறமும் மட்டும் இருக்கிற படத்தில் எந்தப் பிசகும் தூரத்திலிருந்தே தெரியும். வரையத் தெரியாதவர்களின் புகலிடம் என்று நான் நினைத்தது, வரையத் தெரிந்தவர்களே ஒளிய முடியாத இடம். பின்வாசல் என்று ஒன்று அங்கே கிடையாது.

‘இதை என் பேரன்கூடப் போடுவான்’ என்று கண்காட்சியில் சொல்லும் பழக்கமுள்ளவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பேரனை விட்டுவிடுங்கள், அவன் போட்டாலும் போடுவான். நீங்கள் ஒரு சதுரம் போட்டுப் பாருங்கள். மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். டேப்பை ஈரத்திலேயே உரியுங்கள். நிறத்தை வாசல் வெளிச்சத்தில் ஒருமுறை காட்டிவிட்டு முடிவுசெய்யுங்கள். மாட்டியபிறகு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டதுபோல உங்களிடமும் கேட்கலாம்: “லேஅவுட் நல்லா இருக்கே சார், எந்த ஏரியா? கார்னர் பிளாட் இருக்கா?” கோபப்படாதீர்கள். உங்கள் படத்தின் எதிரில் அவ்வளவு நேரம் நின்ற ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார்.